அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது?

(மாவட்ட நூலக அரங்கில், முதியோர் பராமரிப்பு குறித்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் அம்மா சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன என்று கேட்டால், இந்த அரங்கில் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். வெறும் வயிற்றில் தைராய்டுக்கு ஒன்று, இட்லிக்குப் பிறகு பிரஷருக்கு ஒன்று, ராத்திரி கொழுப்புக்கு ஒன்று. கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரை எவ்வளவு இருந்தது, டாக்டர் எந்தக் கிழமை வருவார், பென்ஷன் எந்தக் கிளையில் விழுகிறது, எல்லாம் தெரியும். சரி, அம்மாவுக்குப் பதினாறு வயதில் பிடித்த பாட்டு எது? அப்பா தன் கைக்காசில் முதன்முதலாகப் பாட்டுப் புத்தகம் வாங்கியது எந்தப் படத்துக்கு? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், தூக்கும் கைகள் குறைவாகத்தான் இருக்கும்.

நான் சொல்ல வந்த செய்தி இதுதான். பெற்றோரின் நோய்களைத் தெரிந்து வைத்திருப்பது எப்படிப் பிள்ளைகளின் கடமையோ, அதே போல அவர்களுடைய பாட்டுகளைத் தெரிந்து வைத்திருப்பதும் கடமை. ஞாபகம் மங்கி, பேச்சு குறைந்து, பெயர்கள் எல்லாம் நழுவிப்போன பிறகும் அவர்களோடு உட்கார்ந்து செய்யக்கூடியவை சில மிஞ்சியிருக்கும். அவற்றில் பாட்டு முக்கியமானது. ஆனால் எந்தப் பாட்டு என்று அப்போது கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது. இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கப் போகிறோம், என்ன பேசுகிறோம்?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் லீவு போட்டு, ரயில் பிடித்து அம்மாவைப் பார்க்கப் போகிறோம். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். உள்ளே நுழைந்து பையை வைத்ததும் முதல் கேள்வி என்ன? "நான் யாருன்னு தெரியுதா?" பின்னாலேயே பேரப்பிள்ளையை முன்னால் தள்ளி, "இது யாரு, சொல்லுங்க பாப்போம்?" பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் அவரும் அதையே கேட்கிறார். அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் பதில் தெரியாதவருக்கு அது தினமும் நடக்கும் பரீட்சை. பெயர் நினைவில் இல்லை என்றாலும், எதிரே இருப்பவர் முகம் வாடியதை அவர் கண்டுகொள்கிறார். தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்பது புரிகிறது. அடுத்த முறை கேட்கும்போது பேசாமலே இருந்துவிடுகிறார், அல்லது எரிந்து விழுகிறார்.

அதன் பிறகு நமக்கும் பேச்சு வற்றிவிடுகிறது. சாப்பிட்டாச்சா, தூங்கினீங்களா, மாத்திரை போட்டாச்சா. ஐந்து நிமிஷத்தில் கேள்விகள் தீர்ந்துவிடும். யாராவது டிவியைப் போடுவார்கள். நாம் போனைப் பார்ப்போம். அவ்வளவு தூரம் வந்தது இதற்காகவா என்ற வருத்தத்தோடு திரும்புவோம்.

இது ஏதோ ஒரு சில வீடுகளின் கதை இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் அது கூடுதல் என்றும் அந்த ஆய்வு கண்டது. கிராமத்து வீட்டில் இருக்கும் அம்மாக்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிராமத்து அம்மாக்களின் பாட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டு ஏன் தங்குகிறது?

மறதி நோய்களில் பலவகை உண்டு. அதிகம் காணப்படுவது அல்சைமர். அதில் ஆரம்பத்திலேயே பெரும்பாலும் அடிபடும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. புதிதாக நடப்பதைப் பதிய வைக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, அறுபது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவில் நிற்கிறது.

நினைவு என்பது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே சரக்கு அல்ல. போன தீபாவளிக்கு யார் யார் வந்தார்கள் என்பது ஒரு வகை நினைவு. கோலம் போடுவது, பூக் கட்டுவது, தேங்காய் துருவுவது எல்லாம் வேறு வகை; திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஊறியது. கிழமை தெரியாத பாட்டி, பூவையும் நாரையும் கையில் கொடுத்தால் கட்டிவிடுவார். சிறு வயதிலிருந்து பாடிய பாட்டில் இந்த இரண்டாவது வகை நினைவு நிறையக் கலந்திருக்கிறது. முதல் வரியைத் தொட்டால் அடுத்த வரி தானாக வருகிறது. யோசித்து எடுக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை 2015-ல் ஆராய்ந்தார்கள். நெடுநாள் தெரிந்த பாட்டைக் கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஆரோக்கியமானவர்களிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களில் அதே பகுதி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். மற்ற பல பகுதிகள் தேய்ந்திருந்தபோதும் அந்தப் பகுதியில் தேய்வு குறைவாக இருந்தது. நோயாளிகளுக்கே பாட்டுப் போட்டுச் செய்த சோதனை அல்ல இது, மறைமுகமான சான்றுதான். ஆனாலும் பராமரிப்பவர்கள் காலங்காலமாகக் கண்ணால் பார்த்து வந்ததோடு அது ஒத்துப்போகிறது.

இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்று ஓர் இசையறிஞர். பாடகர் குழுக்களை நடத்தியவர், பிபிசி-யில் இசைப் பணி செய்தவர். 1985-ல் மூளையில் ஹெர்பிஸ் வைரஸ் தாக்கி, சில நொடிகளுக்கு முன் நடந்ததைக்கூட நினைவில் வைக்க முடியாதவராக ஆனார். மனைவி அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், பல வருஷம் கழித்துப் பார்ப்பது போலக் கட்டிக்கொண்டு அழுவார். ஆனால் பியானோ முன் உட்கார வைத்தால் வாசித்தார். பாடகர் குழுவின் முன் நிறுத்தினால் நடத்தினார். பாட்டு நடக்கும் வரை அவர் முழு மனிதராக இருந்தார். மருத்துவ எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் 2007-ல் இசையும் மூளையும் பற்றி எழுதிய புத்தகத்தில் இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

பக்கவாதத்தில் பேச்சை இழந்த சிலர், பேச முடியாத அதே சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுவதையும் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள். அதை அடிப்படையாக வைத்து 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பேச்சுப் பயிற்சி முறையையே உருவாக்கினார்கள்.

எந்த வயதுப் பாட்டு?

வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவை மற்றக் காலத்தை விட அதிகமாக வருகின்றன. நினைவு ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்ட விஷயம் இது. பாட்டுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். அதனால் ஒரு கணக்குப் போடலாம். பிறந்த வருஷத்தோடு பதினைந்தைக் கூட்டுங்கள். அங்கிருந்து பத்து வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தேட வேண்டிய இடம் அது.

இப்போது தொண்ணூறை ஒட்டியவர்களுக்கு அது 1950-கள். 'பராசக்தி' வந்தது 1952, கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்' 1953. ஏ.எம். ராஜா, ஜிக்கி குரல்களின் காலம். எண்பதை ஒட்டியவர்களுக்கு 1960-கள். விசுவநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்து, 1965-ல் பிரிந்த காலம், டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பி.பி. ஸ்ரீநிவாசும் வீட்டுக்கு வீடு ஒலித்த காலம். எழுபது வயதுக்காரர்களுக்கு 1970-கள். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர்களுக்கு இருபது, இருபத்தொன்று. எல்லா வயதானவர்களுக்கும் பாகவதர் பாட்டைப் போடுவது வழக்கமாகிவிட்டது. அவர் நடித்த 'ஹரிதாஸ்' வந்தது 1944-ல். இன்றைக்கு எண்பது வயதான அம்மா அப்போது பிறந்திருக்கவே மாட்டார். அது அவருடைய அப்பாவின் பாட்டு.

படம் வந்த வருஷம் மட்டும் போதாது. அந்தப் பாட்டு எந்த வழியாகக் காதில் விழுந்தது என்பதையும் கேட்க வேண்டும். சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. 1952-ல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக வந்தபோது, சினிமாப் பாட்டு அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-லேயே தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டு ரேடியோக்களின் முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. விவித் பாரதி 1957-ல் வந்த பிறகும், தென் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் சிலோன் ரேடியோதான் ரேடியோ. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் பாட்டோடு பிரிக்க முடியாதபடி அந்தத் தலைமுறையின் காதில் இருக்கின்றன. காலையில் 'பொங்கும் பூம்புனல்' என்று அறிவித்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அலை ஏறி இறங்குவது, நடுவில் வரும் இரைச்சல், வால்வு ரேடியோ சூடாகும் வரை காத்திருந்தது எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய பாட்டு. ரேடியோ இல்லாத வீட்டுக்காரர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. கல்யாண வீட்டு மைக்செட் இருந்தது. டிக்கெட் கொடுக்கப் போகிறோம் என்று ஊருக்கே சொல்லும் டூரிங் டாக்கீஸின் சாமிப் பாட்டு இருந்தது.

சினிமாவுக்கு வெளியே இன்னும் பெரிய உலகம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வந்தபின் எத்தனையோ வீடுகளின் விடியற்காலை அதுவாயிற்று. முருக பக்தர் வீட்டில் சூலமங்கலம் சகோதரிகள். இஸ்லாமிய வீட்டில் நாகூர் ஹனிபா. அதே ஹனிபா குரல் கழக மேடைகளின் வழியே எத்தனையோ அப்பாக்களின் இளமையிலும் இருக்கிறது. கிறிஸ்தவ வீட்டில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். தென்மாவட்டக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு.

இனி கிராமத்து அம்மாக்களிடம் வருகிறேன். அவர்களுடைய பாட்டுகளில் பல எந்த இசைத்தட்டிலும் இல்லை. நடவுப் பாட்டு, கும்மி, நலுங்கு, ஊஞ்சல், தாலாட்டு. ஏற்றம் இறைத்த ஆண்களுக்கு இத்தனை சால் என்று எண்ணிப் பாடிய ஏற்றப் பாட்டு. இவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். தாலாட்டில் வரும் மாமன் பெயர் அந்தந்த வீட்டு மாமன் பெயர். இந்தப் பாட்டுகள் யூடியூபில் கிடைக்காது. பாடியவர் வாயிலிருந்து நாம் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அவருக்குப் பிறகு அவை உலகத்திலேயே இல்லை.

யாருக்கும் தெரியாத ஒரு பாட்டு

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம். எங்கள் வீட்டில் ரேடியோ முன்பக்கத் தார்சாவில் இருந்தது. திருகும் உரிமை அப்பாவுக்கு. அம்மா அடுக்களையிலிருந்து கேட்டவர். அந்தத் தலைமுறைப் பெண்களில் பெரும்பாலானோர் பாட்டை இப்படித்தான் கேட்டார்கள், வேறொருவர் தேர்ந்தெடுத்ததை, வேறொரு அறையிலிருந்து. அப்பாவின் ரசனை ஊருக்கே தெரியும். அம்மாவிடம் உனக்கு என்ன பாட்டு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு ஞாபகம் மங்கியபோது வீட்டில் அப்பாவின் பாட்டுகள்தான் ஓடின. கேட்டுக்கொண்டு அமைதியாகப் படுத்திருப்பார். நான் போனால் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "யாரு பெத்த பிள்ள நீ?" என்று கேட்பார். ஒருமுறை நான் இருந்தபோது, அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருவர் பார்க்க வந்தார். அவர் எதுவும் விசாரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பாட ஆரம்பித்தார். அவர்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையாக நின்று பாடிய ஜெபப் பாட்டு. இரண்டாவது வரியில் அம்மாவும் சேர்ந்துகொண்டார். எல்லாச் சரணங்களும் வந்தன. நாங்கள் சுடலைமாடனுக்குப் பொங்கலிடும் குடும்பம். அம்மா மனதில் அப்படி ஒரு பாட்டு இருப்பது பிள்ளைகள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "ஏட்டி, பாடாம நிக்கியே, டீச்சர் பாத்தா ஏசுவாவ" என்றார்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் மிகத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பாட்டு அம்மாவை எங்களிடம் திருப்பிக் கொண்டுவரவில்லை. அன்றைக்கும் நான் மகள் என்று அவருக்குத் தெரியவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளை என்று நினைத்தார். ஆனால் அவர் தன்னுடைய வயதில், தன்னுடைய இடத்தில், பயமில்லாமல் இருந்தார். அங்கே எனக்கும் ஓர் இடம் கொடுத்தார். நான் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டேன். பிறகு போன போதெல்லாம் பக்கத்தில் நின்று பாடினேன்.

பாட்டைப் போட்டால் அம்மா நம்மை அடையாளம் கண்டுகொள்வார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிலருக்கு அது நடக்கும், பலருக்கு நடக்காது. நடக்கவில்லை என்றால் பாட்டும் இன்னொரு பரீட்சையாகிவிடும். பாட்டு இருப்பது நாம் அவர்கள் இருக்கும் காலத்துக்குப் போய்ச் சேர்வதற்காக. போகிற வேலை நம்முடையது.

எப்படிச் செய்வது?

கேள்வி கேட்காமல் ஆரம்பியுங்கள். "இந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா, யார் பாடினது சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே முணுமுணுங்கள். போனில் ஓடும் பாட்டை விடப் பிள்ளையின் குரலுக்கு மதிப்பு அதிகம். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் குரலுக்கு ஏற்றபடி தணிந்த சுருதியில், கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள். வரியைத் தப்பாகப் பாடினால் திருத்தாதீர்கள். அடுக்களையிலிருந்து கேட்டுக் கற்ற வரி அது. அவர்களுக்கு அதுதான் பாடம்.

காதைக் கவனியுங்கள். வயதாகும்போது பெரும்பாலும் உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் முதலில் மங்கும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் அடித் தாளமே வராது, இரைச்சல்தான் கேட்கும். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கராக வாங்குங்கள். டிவியையும், முடிந்தால் ஃபேனையும் நிறுத்திவிட்டுப் போடுங்கள். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காது மெஷின் வைத்திருப்பவர் என்றால் அது பேச்சுக்காகச் சரிசெய்யப்பட்டிருக்கும்; இசைக்குத் தனி அமைப்பு உண்டா என்று கேளுங்கள்.

ஒரு பாட்டையே போடுங்கள். முடிந்ததும் சற்று நேரம் விடுங்கள். யூடியூபில் நடுவே விளம்பரம் அலறினால் அவர்கள் கலங்கிப்போவார்கள். பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு போடுங்கள். ரீமிக்ஸ் வேண்டாம், அவர்கள் கேட்ட பழைய பதிவே வேண்டும். நாள் முழுக்க ஓடவிட்டால் அதுவும் சத்தம்தான். முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறீர்கள் என்றால் கூடத்து டிவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். உங்கள் அப்பாவின் பாட்டுப் பட்டியலை அங்குள்ளவர்கள் கையில் கொடுத்து, குளிப்பாட்டும்போது போடச் சொல்லுங்கள்.

குளிப்பாட்டும்போது என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். ஸ்வீடனில் எவா கோட்டெல் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், மறதி நோயாளிகளைக் காலையில் குளிப்பாட்டி உடை மாற்றும் நேரத்தைக் கவனித்து ஆராய்ந்தார்கள். பராமரிப்பவர் பாடிக்கொண்டே வேலை செய்தபோது, கையைத் தூக்குங்கள், காலை நீட்டுங்கள் என்று சொல்ல வேண்டிய சொற்கள் குறைந்தன; என்ன நடக்கிறது என்பது நோயாளிக்குக் கூடுதலாகப் புரிவது போலத் தெரிந்தது. வீட்டில் பெரும்பாடு படும் நேரம் அதுதான் என்பது பராமரிப்பவர்களுக்குத் தெரியும். அம்மாவைக் குளிப்பாட்டும் மருமகளுக்கும், சோறு ஊட்ட வரும் உதவிப் பெண்ணுக்கும் அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. வீடியோ காலில் சேர்ந்து பாட முயன்றால், ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் இரண்டு பேர் குரலும் முட்டிக்கொள்ளும். ஒரு சரணம் நீங்கள், ஒரு சரணம் அவர்கள் என்று மாற்றி மாற்றிப் பாடுங்கள். அவர்கள் பாடும்போது உங்கள் பக்கம் மைக்கை நிறுத்திவிட்டு வாயசையுங்கள். அவர்களுக்கு உங்கள் முகம் தெரிந்தால் போதும்.

முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எல்லாப் பாட்டும் சுகம் தராது. இறந்துபோன குழந்தைக்குப் பாடிய தாலாட்டு இருக்கும், ஒப்பாரி இருக்கும். கண்ணீர் வந்தாலே நிறுத்த வேண்டும் என்பதில்லை. அழ வேண்டியதை அழுதுகொள்ளட்டும். ஆனால் நெற்றி சுருங்கி, கை பதறி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எது நடக்கும், எது நடக்காது

பாட்டால் மறதி நோய் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2018-ல் இதைப் பரிசீலித்தது. இல்லங்களில் இருக்கும் மறதி நோயாளிகளுக்குக் குறைந்தது ஐந்து அமர்வுகளாவது இசை சார்ந்த சிகிச்சை கொடுத்தால் மனச்சோர்வு அநேகமாகக் குறைகிறது, நடத்தைச் சிக்கல்கள் மொத்தத்தில் ஓரளவு தணிகின்றன என்பது அதன் முடிவு. அறிவாற்றலிலோ கொந்தளிப்பிலோ பெரிய மாற்றம் இருப்பதாக அது காணவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

பின்லாந்தில் டெப்போ சார்காமோ குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நோயாளியும் பராமரிப்பவருமாக 89 ஜோடிகள். ஒரு பகுதியினருக்குச் சேர்ந்து பாடவும், இன்னொரு பகுதியினருக்குச் சேர்ந்து கேட்கவும் 10 வாரம் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு. பாட்டுப் பயிற்சி பெற்ற நோயாளிகளின் மனநிலை மேம்பட்டது. சேர்ந்து பாடியதில் பராமரிப்பவரின் மனநலத்துக்கும் நன்மை கிடைத்தது. வருஷக்கணக்கில் ஒரே அறையில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சோர்ந்துபோன மகளுக்கும் மனைவிக்கும் மருமகளுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்படாத எந்த முதியோர் நலனும் முழுமையானது அல்ல.

இன்றே தொடங்க வேண்டிய வேலை

பாட்டுப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது? முதலில் பரணில் இருந்து. 1980-களில் வெறும் கேசட்டும், ஒரு தாளில் பாட்டுகளை எழுதியும் கொடுத்தால் மியூசிக் கடையில் பதிந்து கொடுப்பார்கள். அந்தக் கேசட் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் அப்பா கைப்பட எழுதிய வரிசை இன்னும் இருக்கும். கேசட் ஓடாவிட்டாலும் அட்டை போதும். டிரங்குப் பெட்டியில் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கும். பக்கங்கள் எங்கே கிழிந்து கசங்கியிருக்கின்றன என்று பாருங்கள். அதிகம் பாடியது அந்தப் பாட்டுதான்.

அடுத்து, மனிதர்கள். அம்மாவின் அக்கா தங்கைகளைக் கேளுங்கள். கூடப் படித்தவர்கள், கூட நடவுக்குப் போனவர்கள், பழைய தெருக்காரர்களைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத வயது அவர்களுக்குத்தான் தெரியும். பெற்றோர் இன்னும் தெளிவாக இருக்கிறார்கள் என்றால் நேராக அவர்களிடமே உட்காருங்கள். பள்ளிக்கூடத்தில் காலையில் என்ன பாடினீங்க? வயல்ல யாரு முதல்ல எடுத்துக் கொடுப்பாங்க? கல்யாணத்துல மைக்செட்டுல என்ன போட்டாங்க? என்னை எதைப் பாடித் தூங்க வச்சீங்க? எந்தப் பாட்டுக் கேட்டா இப்பவும் பிடிக்காது? போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். அவர்கள் குரலிலேயே தாலாட்டு பதிவாகட்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களே எழுதுங்கள், இருபது பாட்டு போதும். சினிமா, சாமி, பள்ளிக்கூடம், கட்சி எதுவானாலும் எழுதுங்கள். பாட்டுக்கு எதிரே, எங்கே யாரோடு கேட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். வேண்டாத பாட்டுகளையும் தனியாகக் குறித்து வையுங்கள். என் வயதுக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும். நம்மைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு 'அன்னக்கிளி' என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஃபைல் இருக்கிறது. மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், இன்சூரன்ஸ் அட்டை, ஆதார் நகல் எல்லாம் அதில்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். இந்தப் பாட்டுத் தாளையும் அதே ஃபைலில், மருந்துச் சீட்டுக்கு அடுத்துப் போட்டு வையுங்கள். நாளைக்கு யார் வந்து பார்த்துக்கொண்டாலும், மகனோ மருமகளோ சம்பளத்துக்கு வரும் முன்பின் தெரியாத பெண்ணோ, இவர் எந்தப் பாட்டுக்காரர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.